ஏலத்தில் போன எலுமிச்சம்பழமும் மற்றக் கேள்விகளும்

தென்னிந்தியத் திருச்சபையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குருவானவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமச் சேகரங்களில்தான் ஊழியம். (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதியைத்தான் சேகரம் என்கிறோம்.) குடும்பம், விசுவாசம், சபை நிர்வாகம் பற்றிக் கேளுங்கள் என்று அழைத்திருந்தேன். பதிலுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: யார் உங்களுக்காக ஜெபித்தாலும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

திருமணமாகி ஆறு ஆண்டுகள். கணவர் அடிக்கிறார். சபை மூப்பர்கள் பொறுமையாக இருந்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். வீட்டைவிட்டுப் போனால் பாவமா, ஐயா?

பாவம் இல்லை, மகளே. பாதுகாப்பான இடத்துக்கு இன்றைக்கே போய்விடு. அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.

"தள்ளிவிடுதலை (விவாகரத்தை) நான் வெறுக்கிறேன்" என்ற மல்கியா 2:16ஐத்தான் உன் மூப்பர்கள் வாசித்துக் காட்டியிருப்பார்கள். இரண்டு வசனம் முன்னாலிருந்து வாசிக்கச் சொல். 14ஆம் வசனத்தில் கர்த்தரே சாட்சியாக வந்து நிற்கிறார். அங்கே குற்றம் சாட்டப்படுகிறவன், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த கணவன். அடிவாங்குகிறவளை அடக்கிவைக்க அந்தப் பகுதியை எடுப்பது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

என் ஊழியத்தின் நான்காம் ஆண்டில் ஒரு பெண் விடியற்காலையில் குருமனை வாசலுக்கு வந்தார். முந்தானையை இழுத்து இடது காதை மூடியிருந்தார். நான் கணவரை வரவழைத்து, இருவரையும் உட்காரவைத்து, ஜெபித்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவரை மருத்துவமனையில் பார்த்தபோது அந்தக் காது கேட்காமல் போயிருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஸ்தோத்திரம் ஐயா என்றார். அன்றிலிருந்து அடிபட்டு வந்த எந்தப் பெண்ணையும் நான் அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதில்லை.

181 என்ற எண்ணைக் கூப்பிட்டால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், குடியிருக்கும் உரிமையும் உண்டு. மன்னிப்பது வேறு, அடிக்கிற கைக்கு எட்டும் தூரத்தில் போய் நிற்பது வேறு. உன் நகை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்.

எவ்வளவு ஜெபித்தும் அப்பா இறந்துவிட்டார். ஆலயத்துக்குப் போகவே பிடிக்கவில்லை. என் விசுவாசம் குறைவா?

குறைவு என்று சொன்னவர்களை விட்டு விலகியிரு, தம்பி. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். நீயும் சாப்பிடு, தூங்கு. தூக்கம் வராமல் வாரக்கணக்காகிறது என்றால் மருத்துவரைப் பார். அவர் தரும் மாத்திரை விசுவாசத்துக்கு எதிரி அல்ல. ஆலயத்துக்குப் போனால் கடைசிப் பெஞ்சில் உட்கார். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். மற்றவர்கள் உனக்காகவும் பாடுவார்கள். சபை இருப்பதே அதற்குத்தான்.

இயேசுவின் இரண்டாம் வருகை எந்த ஆண்டு?

மாற்கு 13:32. அந்த நாளை ஒருவரும் அறியார் என்று இருக்கிறது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுகிறார்களே, அது சரியா? எங்கள் ஊரில் ஓர் எலுமிச்சம்பழம் 12,000 ரூபாய்க்குப் போனது.

இதைப் பற்றி முப்பது ஆண்டுகளாக என் மனத்தில் ஒரு பாரம் இருக்கிறது.

ஏலத்தின் தொடக்கம் நல்லது. கையில் காசு இல்லாத ஏழைச் சனங்கள் முதற்பலனாகக் கொண்டுவந்தவை கோழி, முட்டை, கருப்பட்டி, முருங்கைக்காய், வாழைத்தார். அவற்றைக் காசாக்கினால்தான் கிராமச் சபையைக் கவனிக்கும் உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். அதனால் ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் போட்டார்கள். பொருளுக்கு ஏறக்குறைய சந்தை விலைதான் கிடைக்கும்.

இன்று நடப்பது வேறு. தேரிக்காட்டுச் சேகரம் ஒன்றில் ஒரு மூதாட்டி தன் வீட்டு முருங்கையின் முதல் காய்களை வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்தார். மொத்தம் ஏழு காய்கள். அவற்றைத் தாமே ஏலத்தில் எடுத்துப் பேரனுக்குக் குழம்பு வைக்க ஆசை. முந்தானை முடிச்சில் ஐம்பது ரூபாய் வைத்திருந்தார். சேகரக் கமிட்டித் தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேர் அந்தக் கட்டுக்குப் போட்டியிட்டார்கள். ஐந்நூறு, ஆயிரம், மூவாயிரம். மைக்கில் ஒவ்வொரு தொகைக்கும் கைதட்டல். அவர் முடிச்சை அவிழ்க்கவே இல்லை. ஜெயித்தவர் அந்தக் காய்களை வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை; மாலையில் ஆலயத் திண்ணையில் வாடிக் கிடந்ததை நான் பார்த்தேன். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கை, கந்தை உடுத்தவனுக்குக் கால்மாட்டில் இடம் என்று யாக்கோபு 2ஆம் அதிகாரம் கண்டிப்பதை நாம் மைக் போட்டுச் செய்கிறோம்.

(சேகரக் கமிட்டி உறுப்பினர் ஒருவர்) ஐயா, அந்த ஏலப் பணத்தில்தான் எங்கள் ஆலயக் கூரை மாறியது. வசதி உள்ளவர் மனமுவந்து கொடுப்பதைத் தடுப்பானேன்?

கொடுப்பதை நான் தடுக்கவில்லை. உறையில் வைத்துக் காணிக்கைப் பையில் போடட்டும், கூரை அதே கூரையாகத்தான் இருக்கும். உறையில் போட மனம் வராத பணம் எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் ஏன் வருகிறது? அதை யோசியுங்கள்.

(அவரே) கிராமத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லாவிட்டால் கொடுக்க மாட்டார்கள்.

தெரியும். பெயருக்காகக் கொடுப்பவர் அந்தப் பெயரைக் கொண்டு அடுத்த ஆண்டு கமிட்டியில் இடம் கேட்பார் என்பதும் தெரியும். பிறகு குருவானவர் யாரைக் கண்டிக்கலாம், யாரைக் கண்டிக்கக் கூடாது என்பதையும் அவரே சொல்வார். 12,000 ரூபாய்க்கு அவர் வாங்கியது பழத்தை அல்ல.

(சென்னையில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்) ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறோம். சொந்த ஆலயத்தில் ஏலம் கேட்பது எங்களுக்கு ஒரு சந்தோஷம். அதையும் குற்றம் என்கிறீர்களா?

இல்லை, தம்பி. அசனப் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, பாட்டி வளர்த்த கோழியை நல்ல விலைக்கு எடுக்கிற சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போனபின் நடப்பதையும் கேளுங்கள். உங்களோடு போட்டியிட்ட உள்ளூர்க்காரர் பலர் கடன் சொல்லித்தான் ஏலம் எடுக்கிறார்கள். அந்த ஏலப் பாக்கி சபைக் கணக்கில் ஏறும். அடுத்த பண்டிகைக்கு முன் பாக்கிப் பட்டியலை ஆலயத்தில் வாசிப்பார்கள். அப்படிப் பெயர் வாசிக்கப்பட்ட ஒரு கொத்தனார் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்கு நான் பதினொரு முறை போனேன். கடைசி வரை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு வரவில்லை. 4,000 ரூபாய்க்கு ஓர் ஆத்துமாவை வெளியே நிறுத்தினோம்.

ஒரு சேகரத்தில் மூன்று விதிகள் போட்டுப் பார்த்தேன்: கொண்டுவந்தவர் கேட்டால் முதல் உரிமை அவருக்கு; கடன் கிடையாது; தொகையோ பெயரோ மைக்கில் கிடையாது. அந்த ஆண்டு வருமானம் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு வீட்டிலிருந்த விதவைகள் முட்டையும் கீரையும் கொண்டுவந்தார்கள். இரண்டு காசு போட்ட விதவையைச் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியவர் அந்த முற்றத்தில் நின்றிருந்தால் எதைப் பார்த்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

(கமிட்டி உறுப்பினர்) கூரைக்கு வழி சொல்லவில்லையே, ஐயா.

மாதச் சந்தா, சபை மக்களின் உடலுழைப்பு, வெளிப்படையான கணக்கு. கணக்கு வெளியே தெரிகிற சபையில் சனங்கள் கொடுக்கிறார்கள்.

என் மகன் வேறு மதத்துப் பெண்ணை விரும்புகிறான். திருமணத்துக்காக ஞானஸ்நானம் கொடுப்பீர்களா?

கல்யாணத் தேதிக்காக ஞானஸ்நானம் கொடுத்ததில்லை. அது அந்தப் பெண்ணின் மனச்சாட்சிக்குச் செய்யும் அவமரியாதை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம். முப்பது நாள் அறிவிப்பு உண்டு. மருமகளை அன்போடு வீட்டுக்குள் அழையுங்கள்.

மகள் விரும்பும் பையன் இந்து. ஞானஸ்நானம் எடுக்கத் தயார் என்கிறான். ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிப்பீர்களா?

முந்தைய பதிலைப் படியுங்கள்.

பெண் கிறிஸ்தவள்தான், ஐயா. ஆனால் வேறு சமுதாயம். உறவினர்கள் என்ன சொல்வார்களோ?

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து விலக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது 1833இல். இன்னுமா இந்தக் கேள்வி? ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள் ஒரே பந்தியில் உட்காரத் தயங்கினால், அந்தப் பாத்திரத்துக்கு முன் நான் எதைச் சொல்லி ஜெபிப்பது? திருமணத்தை நடத்துங்கள்.

விசுவாசம் இருந்தால் சர்க்கரை மாத்திரை தேவையா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். நிறுத்தாதீர்கள். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் திராட்சரசம் சொன்னார்.

ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதே பதிலா?

அதே பதில்தான்.

விவாகரத்துச் சட்டம் பற்றிச் சொல்லுங்கள்.

வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001இல் திருத்தம் வந்து, இருவரும் சம்மதித்துப் பிரியவும் வழி உண்டானது என்ற அளவோடு நிறுத்துகிறேன்.

நான் புதிதாக அபிஷேகம் பெற்ற உதவிக்குரு. முதல் சேகரத்துக்குப் போகிறேன். என்ன செய்யக் கூடாது?

காணிக்கையைத் தனியாக எண்ணாதீர்கள். உங்கள் மேல் சந்தேகம் இல்லாவிட்டாலும் எண்ணாதீர்கள். எருசலேமுக்குப் பணம் கொண்டுபோக பவுலே கூட ஆள் வைத்துக்கொண்டார், 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெட்டகச் சாவியை வாங்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம்.

முதல் ஆறு மாதம் எந்த வழக்கத்தையும் மாற்றாதீர்கள், வீடு வீடாகப் போங்கள். முதலில் ஆலயத்துக்கு வராதவர்களின் வீடு, பிறகு நோயாளிகளின் வீடு, கமிட்டிக்காரர்களின் வீடு கடைசியில். குருமனையின் முன்கதவை இரவில் தட்டினால் யார் திறப்பது என்பதை உங்கள் மனைவியோடு பேசி வையுங்கள். தட்டுகிறவர் பெண்ணாக இருந்தால் ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி, திறப்பது நல்லது.

ஐயா, முதலில் கேட்டவள்தான். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். குழந்தை தூங்குகிறான். ஐயரம்மாவோடு பேச முடியுமா?

பேசலாம், மகளே. இப்போதே அழை, அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டாய் அல்லவா?