கர்ப்பத்தில் திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிஸ்

கேள்வி: எனக்கு இப்போது ஆறாவது மாதம். போன வருடம் பிறப்புறுப்பில் கொப்புளம் வந்து, பரிசோதனையில் ஹெர்பிஸ் இரண்டாம் வகை என்றார்கள். கர்ப்பமான பிறகு மூன்று முறை வந்துவிட்டது. நான் என்ன தப்பு செய்கிறேன்? குழந்தைக்கு ஆபத்தா?

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்த வைரஸ் ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால் போகாது, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் பதுங்கிக்கொண்டு, அவ்வப்போது அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். அடிக்கடி வருவதற்கான இரண்டு காரணங்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டாம் வகை அந்த இடத்தில் முதல் வகையைவிட அதிகமாகத் திரும்பும். அப்புறம், முதல் தொற்று வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆரம்பத்தில்தான் தொல்லை அதிகம், போகப்போகக் குறையும். போதாததற்குக் கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும் விதமே மாறுகிறது. காய்ச்சல், தூக்கக்குறைவு, மன உளைச்சல் எல்லாம் தூண்டிவிடலாம். ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதையாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். (சிலர் இதையும் அக்கி என்கிறார்கள். அக்கி வேறு வைரஸ், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, குழந்தை. ஆச்சரியமாக இருக்கும், பழைய தொற்று திரும்புவதைவிட, கடைசி மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தொற்றுவதுதான் பயப்பட வேண்டியது. அப்படி வந்தவருக்குச் சுகப்பிரசவம் நடந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். உங்களைப் போன்றவர்களுக்கு, பிரசவ நேரத்தில் புண் இருந்தாலுமே சுமார் 3 சதவீதம்தான், ஏனென்றால் உங்கள் உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனாலும் பச்சைக்குழந்தைக்கு இது வந்தால் மூளை வரை பாதிக்கும் என்பதால் அந்த 3 சதவீதத்தையும் யாரும் விட்டுவைப்பதில்லை. வழக்கமாக 36-வது வாரத்திலிருந்து பிரசவம் வரை தினமும் இந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை தருவார்கள். வலி எடுக்கும்போது புண்ணோ, அது வருவதற்கு முன் வரும் எரிச்சல், குறுகுறுப்போ இருந்தால் சிசேரியன், இல்லாவிட்டால் சுகப்பிரசவம்தான்.

கூச்சப்பட்டுக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிரச்சினை. அடுத்த முறை போகும்போதே சொல்லி, குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள், பிரசவ அறையில் அன்றைக்கு வேறு ஒருவர் பணியில் இருக்கலாம். குழந்தை பிறந்த பிறகு தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளத்தோடு வந்து குழந்தையைக் கொஞ்சுகிற உறவினர் யாராக இருந்தாலும் முத்தம் கொடுக்க விடாதீர்கள்.