முந்திரித் தோப்பு வீட்டுப் பெண் வனவியல் படிக்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய மகள், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்குப் போய் வனவியல் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பாவோ, "மரம் நடறதுக்கு நாலு வருஷப் படிப்பா? நர்சிங்ல சேரச் சொல்லு" என்கிறார். பெண் பிள்ளையைக் காட்டு வேலைக்கு அனுப்ப எனக்கும் பயம். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், கடலூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. கன்று நட யாரும் கல்லூரிக்குப் போக வேண்டாம். நட்டது ஏன் பட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் படிப்பு தேவைப்படுகிறது.

நம் மாவட்டத்துப் பிச்சாவரத்தையே பாருங்கள். வெள்ளைக்காரர் காலம் தொடங்கி 1970கள் வரை, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். தானே தழைத்துவிடும் என்று நினைத்தார்கள், தழைக்கவில்லை. வெயில் பட்டுச் சேறு காய்ந்து, அமுங்கி, தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் பொங்கும்போது, ஏறிய உப்புத் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றியது. மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அதில் எந்தக் கன்று நிற்கும்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டினார்கள். ஓதம் தடையில்லாமல் வந்து போனதும் உப்பு குறைந்தது. அப்புறம் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. மண், தண்ணீர், மரம், ஊர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. உங்கள் மகள் கேட்பதும் அந்தப் படிப்பைத்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் உங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திரும்ப எதை வைப்பது, அது காய்க்கிற வரை இடையில் எதைப் போட்டுச் சாப்பிடுவது, காற்றுக்குத் தடுப்பாகச் சவுக்கு வைக்கலாமா என்று எத்தனை வீடுகள் தவித்தன! வேளாண் காடு வளர்ப்பு என்று இதற்கென்றே மேட்டுப்பாளையத்தில் பாடம் இருக்கிறது.

வேலை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) அதிகாரி ஆவதற்காக மட்டும் இதில் சேர வேண்டாம். அந்தத் தேர்வை தாவரவியல், விலங்கியல், வேளாண்மை, பொறியியல் படித்தவர்களும் எழுதலாம், போட்டி கடுமை. ஆனால் வழி அது ஒன்றுதான் என்றில்லை. டி.என்.பி.எஸ்.சி. வழியாக வனத்துறைப் பணிகள் இருக்கின்றன. காகித ஆலைகள் விவசாயிகளைச் சவுக்கும் தைல மரமும் வளர்க்கச் சொல்லி வாங்குகின்றன. அங்கே மரம் தெரிந்த ஆள் வேண்டும். மேலே படிக்க டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பக்கத்திலேயே காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் முதுகலை இருக்கிறது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று வனத்துறையில் காவலர் முதல் உயர் அதிகாரி வரை பெண்கள் இருக்கிறார்கள். படிப்பில் களப்பயிற்சிக்குக் கூட்டமாக, ஆசிரியர்களோடுதான் போவார்கள். விடுதி எப்படி, பயிற்சி எங்கே என்று அங்கே படிக்கும் பெண்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.

சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. மேட்டுப்பாளையம் கல்லூரியை நடத்தும் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்துகிறது. அறிவிப்பு வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் பிச்சாவரம் போய்ப் படகில் ஏறட்டும். அந்த வாய்க்கால் கதையை மகளே அப்பாவுக்குச் சொல்லட்டும்.