டெல்ரினில் துளை 2 மிமீ தள்ளிப் போய்விட்டதா?

டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் செய்த பாகத்தில் 6 மிமீ துளை 2 மிமீ தள்ளி விழுந்துவிட்டது, எபாக்ஸி பசை ஊற்றி அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டெல்ரினில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. மறுபடி துளையிடும்போதே பெயர்ந்து வரும். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தவன்தான்.

அதே டெல்ரினில் ஒரு அடைப்பு கடைந்து இறுக்குங்கள். அடைப்பின் மையம் பழைய துளையில் இருக்கக் கூடாது, சரியான இடத்தில் இருக்க வேண்டும். அங்கே 12 மிமீ துளை எடுத்தால் பழைய துளை முழுக்க அதற்குள் மறைந்துவிடும். ஆனால் டிரில் பிட் வேண்டாம், பழைய துளைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பக்கவாட்டிலும் வெட்டக்கூடிய எண்ட் மில்தான் சரி.

அடைப்பை 12 மிமீ துளையைவிட 0.05 முதல் 0.1 மிமீ வரை பெரிதாகக் கடையுங்கள். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் கொஞ்சம் சுருங்கும், வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே 6 மிமீ துளை. முன்பே போட்டால் இறுக்கத்தில் அது சிறுத்துவிடும்.

அச்சுத் திசையில், அதாவது துளையின் நீளவாக்கில், சுமை வருமென்றால் அடைப்புக்கு ஒரு விளிம்பு வைத்துக் கடையுங்கள். பாகத்தின் ஓரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 12 மிமீ துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே 3 மிமீ சுவர்கூட மிஞ்சாது என்றால் புதிதாகவே செய்துவிடுங்கள்.