நோய் அடங்கிய பிறகு கார்-டி செல் சிகிச்சை தேவையா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பெரிய பி செல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆறு சுற்று கீமோ முடிந்து, பெட் ஸ்கேனில் நோய் இல்லை என்று வந்துவிட்டது. “மறுபடி வராமலிருக்க கார்-டி செல் செய்துவிடுங்கள், மூன்று லட்சம் முன்பணம் கட்டினால் இடம் பிடித்துத் தருகிறேன்” என்கிறார் ஒருவர். மனையை விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள் அம்மா. உங்கள் கணவருக்கு இப்போது அந்தச் சிகிச்சை தேவையில்லை.

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்து, புற்றுநோய்ச் செல்லைத் தேடி அழிக்கும்படி ஆய்வுக்கூடத்தில் மாற்றி, மீண்டும் உடலில் ஏற்றுவதுதான் கார்-டி. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்ததே, திரும்பி வந்த அல்லது மருந்துக்கு அடங்காத பி செல் புற்றுநோய்களுக்குத்தான். கடும் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, பேச்சுக் குழறல் என்று சிலரை ஐசியு வரை கொண்டுபோகும். கிருமிகளை எதிர்க்க உதவும் நல்ல பி செல்களையும் அழித்துவிடும். நோய் அடங்கியவரை எதற்காக இதற்குள் தள்ள வேண்டும்?

‘இடம் பிடித்துத் தருகிறேன்’ என்பது முழுப் பொய். அவரவர் ரத்தத்திலிருந்து, மருத்துவர் பரிசோதித்து முடிவெடுத்த பிறகு தயாராகும் மருந்துக்கு ஏது முன்பதிவு? ‘எதிர்ப்புச் சக்தி செல்’ என்று ஏதோ ஓர் ஊசியை இதே பெயரில் விற்பவர்களும் உண்டு. மருந்தின் பெயரை மருத்துவமனைக் கடிதத்தாளில் எழுதி, மருத்துவர் கையெழுத்துடன் தரச்சொல்லி அந்தத் தரகரிடம் கேளுங்கள். அந்த ஆள் மறுபடி போன் செய்யமாட்டார். பணம் கட்டுவதென்றால் மருத்துவமனை கவுன்டரில் மட்டும், ரசீதோடு.

ஆறு சுற்று முடித்த குடும்பத்தை உட்காரவைத்து ‘அடுத்து என்ன’ என்று பத்து நிமிடம் சொல்ல நம் மருத்துவமனைகளில் ஆளில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் தரகருக்கு மட்டும் நேரம் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம்!

ஒரே ஒரு நிலைமையை மட்டும் மறக்காதீர்கள். கடைசி கீமோ தேதியை ஃபைல் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் கழுத்திலோ அக்குளிலோ கட்டி தெரிந்து, பயாப்சியில் நோய் உறுதியானால், அடுத்த கீமோ தொடங்கும் முன்பே “கார்-டி பொருந்துமா?” என்று கேளுங்கள். முன்பே என்றால் முன்பேதான். கீமோ மேல் கீமோ ஏற ஏற டி செல்கள் நலிந்துபோகும். நலிந்த செல்லிலிருந்து நல்ல மருந்து வராது. இவ்வளவு சீக்கிரம் திரும்பும் நோய்க்கு, கீமோவுக்குப் பதிலாக இரண்டாம் சிகிச்சையாகவே இதைக் கொடுக்க அமெரிக்காவில் 2022-இல் அனுமதித்துவிட்டார்கள்.

முன்பணத்தை ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பியிருந்தால், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.