நாள் குறிக்கும் பேச்சு வந்தாலே நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், டாக்டர். வயது 29. நான்கு வருடமாக ஒரு பெண்ணை விரும்புகிறேன். அவள் வீட்டில் பரிசம் போட நாள் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விடுகிறது. பத்து நாள் வாட்சப்பில்கூடப் பதில் போடமாட்டேன். பிறகு அவள் இல்லாமல் இருக்க முடிவதில்லை. முந்திய காதலும் இப்படித்தான் முறிந்தது. தோட்டத்தில் வளர்ந்தபோது அப்பா அம்மா ஓயாமல் சண்டை போடுவார்கள். எனக்கு இவள்மேல் அன்பு இல்லையா?

பதில்: அன்பு இல்லாதவர் பத்தாம் நாள் ஏங்கமாட்டார், தம்பி. இது பயம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் சண்டைக்கு மறைவு ஏது? கல்யாணம் என்றால் ஆபத்து என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்திருக்கலாம். நாள் பேச்சு வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. போனை ஒதுக்கியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. 'ஓடினால் தப்பலாம்' என்று மூளை பழகிவிடுவதால், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் அரசு கிளினிக்கில் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுங்கள். கோப்பியும் எனர்ஜி பானமும் அதிகம் குடித்தாலும் இதே படபடப்பு வரும்.

பிறகு பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, 3 அல்லது 4 தரும் காரியத்தில் தொடங்குங்கள். அவள் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு. அடுத்து அவள் அப்பாவிடம் தனியாகப் பேச்சு. கடைசியில் கல்யாண மண்டபம் பார்ப்பது. படபடத்தால் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். மதிப்பெண் பாதியாகும் வரை எழுந்து வராதீர்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். பாதியில் கிளம்பினால் பழைய பாடமே உறுதிப்படும். ஒவ்வொரு படியையும் மூன்று நான்கு முறை செய்யுங்கள். பீர் குடித்துவிட்டுப் போகவே கூடாது, தைரியம் பீருடையதாகிவிடும். 'இவள்தான் எனக்குச் சரியா?' என்று நண்பர்களை நச்சரிப்பதும் தப்பியோடும் வழிதான். படபடக்கும்போது பரிசத்துக்குச் சம்மதமும் சொல்லாதீர்கள், உறவையும் முறிக்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். அவள் உங்களை மிரட்டினாலோ இழிவாக நடத்தினாலோ அந்தப் பயம் வேறு. அதை இப்படிப் பழக்கி அடக்கக் கூடாது.

ஆறு வாரத்தில் குறையாவிட்டால், மருத்துவமனை உளவியல் நிபுணரைப் பார்க்க கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம்.

அவளிடம் இன்றே சொல்லுங்கள். "பயமாக இருக்கிறது, இரண்டு நாள் தனியாக இருக்கிறேன், சனிக்கிழமை மாலை கூப்பிடுகிறேன்" என்பது போதும். பயம் தீராவிட்டாலும் சனிக்கிழமை கூப்பிட்டுவிடுங்கள்.