இறப்புச் சான்றிதழில் இடம்பெறாத காரணம்

கேள்வி: பருவநிலை மாற்றத்தைப் பற்றி இப்போது மருத்துவர்களும் செவிலியர்களும் அறிக்கை விடுகிறார்கள். அரசியல்வாதிகளும் வானிலை அறிஞர்களும் பேச வேண்டியதை இவர்கள் ஏன் பேச வேண்டும்? நோயாளியைக் கவனித்தால் போதாதா?

பதில்: நோயாளியைக் கவனிப்பதால்தான் பேசுகிறார்கள். கடும் வெப்பத்தில் ஒரு முதியவரின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடலின் உள்வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்துவதற்காக இதயம் வேகமாக உழைத்துத் தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிகிறதே தவிர, ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. இதய நோய்க்காக அவர் சாப்பிடும் நீர் பிரிக்கும் மாத்திரையோ, இருக்கிற நீரையும் வெளியேற்றுகிறது. இரவிலும் சூடு தணியாமல் போனால், ஓய்வே கிடைக்காத அந்த இதயம் ஏதோ ஒரு விடியலில் நின்றுவிடுகிறது. சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதுகிறார்கள். வெப்பம் என்ற சொல் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.

2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள் என்பது, வழக்கமான ஆண்டுகளின் இறப்புக் கணக்கோடு பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. கணக்கு வருவதற்கு முன்பே படுக்கையருகில் நின்று அதைப் பார்த்தவர்களை வாயை மூடிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்?

இது அரசியல் என்கிறீர்கள். 1848-இல், இன்று பெரும்பகுதி போலந்தில் உள்ள மேல் சிலேசியாவில் டைஃபஸ் என்ற, பேன்களால் தொற்றும் காய்ச்சல் பரவியபோது, அப்பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு அனுப்பிய ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற இளம் மருத்துவர், வறுமையும் கல்வியின்மையும் ஆட்சியின் பாராமுகமுமே நோயின் வேர்கள் என்று அறிக்கை எழுதினார். அதையும் அரசியல் என்றுதான் சொன்னார்கள். நோயின் காரணம் மருத்துவமனைக்கு வெளியே இருந்தால், அங்கேதான் மருத்துவர் கைநீட்டிக் காட்ட முடியும்.

2021 செப்டம்பரில் 200-க்கும் மேற்பட்ட மருத்துவ இதழ்கள், புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த உடனே செயல்படுங்கள் என்று ஒரே தலையங்கத்தை வெளியிட்டன. 2030-க்கும் 2050-க்கும் இடையில் ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பத் தாக்கம் ஆகியவற்றால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இத்தனைக்குப் பிறகும் மருத்துவர்கள் பேசாமல் இருந்திருந்தால்தான் நாம் கோபப்பட வேண்டும்.

ஒரு விஷயத்தில் அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. மருத்துவத் துறையும் புவியைச் சூடாக்குகிறது. அறுவை அரங்கில் பயன்படும் டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பமூட்டும் தன்மை கொண்டது. ஸ்காட்லாந்து 2023-இல் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. இன்னும் நிறுத்தாதவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

12 நாடுகளின் மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பருவநிலை மாற்றத்தைப் பற்றி மக்களிடம் பேசுவது தங்கள் பொறுப்பு என்று பெரும்பாலானோர் கருதியதும், நேரமின்மையே பலருக்குத் தடையாக இருந்ததும் தெரியவந்தன. ஆகவே, மருத்துவர் பேசட்டும் என்று காத்திராமல் நீங்களே தொடங்குங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், கோடை வருமுன் அவருடைய மாத்திரைகளை மருத்துவரிடம் எடுத்துச்சென்று, வெப்ப நாட்களில் எதன் அளவை மாற்ற வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.