லண்டனிலிருந்து வரும் அண்ணர் எந்த எஞ்சினைக் கொண்டுவரலாம்?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணர் லண்டனிலிருந்து வருகிறார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட மொடல் றெயில் எஞ்சின் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மேல் அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவூட் பலகை ஒன்று கிடக்கிறது. பிளையிங் ஸ்கொட்ஸ்மன் என்ற நீராவி எஞ்சின் வாங்கலாமா, டீசல் வாங்கலாமா? எங்கள் யாழ்தேவியை இழுத்த எஞ்சின் போல ஏதும் கிடைக்குமா? ஒன்றுதான் வாங்க முடியும். பத்து வருடம் கழித்தும் நல்லதைத்தான் வாங்கினோம் என்று நினைக்க வேண்டும்."

உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஓஓ என்ற மொடல் அளவில், கிளாஸ் 08 என்ற சின்ன ஷண்டிங் டீசலை, அதாவது பெட்டிகளை இடம் மாற்றுகிற எஞ்சினைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஹோர்ன்பி, பாக்மன் என்ற இரண்டு மொடல் கம்பனிகளுமே அதைச் செய்கின்றன. பெரிய நீராவி எஞ்சினைக் கனவு கண்டவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஏன் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் மனநிறைவு பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: எஞ்சின் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சீராக ஊர்கிறது என்பதிலிருந்து. வேகமாக ஓட எந்த விளையாட்டு எஞ்சினுக்கும் தெரியும். அது இரண்டு கிழமையில் சலித்துவிடும். ஊர்ந்து வந்து, சத்தமில்லாமல் வண்டியைத் தொட்டு நிற்கிற எஞ்சினை ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். என்னிடம் இருப்பவற்றில் நான் அதிகம் கையில் எடுப்பது அந்த 08தான். பின்னேரம் கதிரையைப் பதித்துப் போட்டு, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பேன். அதன் சில்லுகளுக்கு வெளியே சட்டம் இருக்கும். சட்டத்துக்கும் வெளியே கிராங்கும், மூன்று அச்சையும் இணைக்கிற நீளக் கம்பியும். எஞ்சின் அசையத் தொடங்கும்போது எஞ்சின் நகர்வதைக் கண் பிடிப்பதற்கு முன்னமே அந்தக் கம்பி கீழிருந்து மேலே எழுவதைக் கண்டுவிடலாம். பெரிய எஞ்சின்களில் இந்த அசைவு வேகத்தில் கரைந்துபோய்விடும்.

அசல் 08ம் அப்படிப்பட்ட வேலைக்காரன்தான். பிரிட்டிஷ் ரெயில்வேஸ் 1952இலிருந்து 1962 வரை 996 எஞ்சின்களைக் கட்டியது. 350 குதிரைவலு. பெரும்பாலானவற்றின் உச்ச வேகமே மணிக்கு 15 மைல்தான். நாள் முழுக்க யார்டில் பெட்டிகளைக் கோத்துப் பிரிப்பது அதன் தொழில். எட்டடிப் பலகையில் நீங்கள் செய்யப்போவதும் அதே தொழில். வட்டமாகச் சுற்றவிட்டுப் பார்ப்பது முதல் மாதத்துக்குப் போதும். பிறகு மூன்று பெட்டியை எந்த ஒழுங்கில் எந்தப் பக்கப் பாதையில் நிறுத்துவது என்று மூளை வேலை செய்யத் தொடங்கும். அங்கேதான் இந்தப் பைத்தியம் நிலைக்கும்.

சரி, நல்ல எஞ்சின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சோதனை சொல்கிறேன், இதை அண்ணர் கடையிலேயே செய்ய வேண்டும். ஓஓ அளவு என்றால் அசலில் 76இல் ஒரு பங்கு. மனிதன் சாதாரணமாக நடக்கிற வேகம் மணிக்கு ஏறக்குறைய 4.8 கிலோமீற்றர். அதை 76ஆல் பிரித்தால் விநாடிக்கு ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றர் வரும். அப்படியானால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைக் கடக்க 17 விநாடி எடுக்க வேண்டும். அடிமட்டத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்து, கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 17 விநாடியை நெருங்கி, இடையில் விக்காமல், துள்ளாமல் கடந்தால் வாங்கலாம். இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். முன்னுக்கு நன்றாக ஓடிப் பின்னுக்கு முனகுகிற எஞ்சின்கள் உண்டு. நாங்கள் இங்கிருந்து திருப்பி அனுப்ப முடியாது. தபாலில் போட்டால் செலவும் கவலையும் எஞ்சினின் விலையைத் தாண்டும். அதனால் விமானம் ஏறும் முன்னர் அந்த அரை மணி நேரத்தை அவர் ஒதுக்கியே ஆக வேண்டும்.

மின்சாரம் எடுக்கும் விதத்தையும் கேட்க வேண்டும். இரண்டு தண்டவாளமும் இரண்டு கம்பி மாதிரி. சில்லுகளின் பின்பக்கத்தில் உரசுகிற மெல்லிய செப்புத் தகடுகள் அதிலிருந்து மின்சாரத்தை மோட்டருக்குக் கொடுக்கின்றன. ஆறு சில்லும் மின்சாரம் எடுத்தால் பக்கத்துக்கு மூன்று தொடுமுனை. நாலுதான் எடுக்கும் என்றால் தண்டவாளத்தில் ஒரு தூசி போதும், நின்றுவிடும். உள்ளே கனமான உலோகச் சட்டமும், மோட்டர் அச்சில் பித்தளைச் சுழல் சக்கரமும் இருந்தால் இன்னும் நல்லது. மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அந்தச் சக்கரத்தின் சுழற்சி எஞ்சினை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. 08 குட்டை எஞ்சின். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையில் நாலரை சென்ரிமீற்றர்தான். பாதை பிரியும் பொயின்ட்களின் நடுவில் பிளாஸ்ரிக் துண்டு இருந்தால், அதில் மின்சாரம் இராது. அந்த இடத்தில் மெதுவாகப் போனால் நிற்கும். நடுப்பகுதியும் உலோகமாக, மின்சாரம் ஓடும் பொயின்ட்களாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் வயரிங் வேலை கூடும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பிளையிங் ஸ்கொட்ஸ்மனுக்கு வருவோம். 1923இல் இங்கிலாந்தின் டொன்காஸ்டரில் கட்டியது, அழகில் குறை சொல்ல முடியாது. ஓஓ அளவில் தண்ணீர்ப் பெட்டியோடு சேர்த்து 28 சென்ரிமீற்றர் நீளம். உங்கள் நாலடிப் பலகையில் கொள்ளக்கூடிய வளைவு ஹோர்ன்பியின் மூன்றாம் ஆரை, அதாவது 505 மில்லிமீற்றர். நாலாம் ஆரை 572. அதைப் போட்டால் இரு பக்கமும் விளிம்பில் நாலு சென்ரிமீற்றர்கூட மிஞ்சாது. ஒருமுறை தடம் புரண்டால் எஞ்சின் நேரே சீமெந்துத் தரையில். மூன்றாம் ஆரையில் அது ஓடும். ஆனால் அவ்வளவு நீள எஞ்சின் அவ்வளவு இறுக்கமான வளைவில் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு திரும்புவதைப் பார்க்க மனம் ஒப்பாது. பிறகு அந்த மயிரிழைக் கைப்பிடிகள், படிகள், எஞ்சினுக்கும் தண்ணீர்ப் பெட்டிக்கும் இடையில் போகும் வயர்கள். என்னிடம் ஒரு பெரிய நீராவி எஞ்சின் இருக்கிறது. பயணப் பெட்டியில் வந்து இறங்கியபோதே வால்வுக் கம்பி ஒன்று வளைந்திருந்தது. நிமிர்த்தப் போய் முறித்துவிட்டேன். மாற்றுக் கம்பி ஒன்று கிடைக்க ஒன்பது மாதம் பிடித்தது. இப்போது அது கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஓட்டத்தான் கை வருவதில்லை.

இனி யாழ்தேவி. இந்தப் பகுதியை எழுத எனக்கே ஆசை. யாழ்தேவி 1956 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1954இலிருந்து, இலங்கைக்கு வந்தவை எம்2 வகை எஞ்சின்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டர்ஸ் கட்டிய ஜி12 அவை. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று மாகாணப் பெயர்களை எஞ்சின்கள் மேல் எழுதியிருந்தார்கள். எங்கள் சனம் அந்த ஊர்களுக்குப் போய்க் குடியேறுவதற்குப் பல வருடத்துக்கு முந்தியே அந்தப் பெயர்கள் எங்கள் நாட்டுத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய ஆட்கள் "கனடா எஞ்சின்" என்றால் இதைத்தான் சொல்வார்கள்.

எம்2 என்ற பெயரோடு கடையில் எடுக்கக்கூடிய மொடல் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பிரேசில் நாட்டு ஃபிராடெஸ்கி கம்பனி ஜி12ஐ எச்ஓ அளவில் செய்திருக்கிறது. எச்ஓ என்றால் 87இல் ஒரு பங்கு, ஓஓவை விடக் கொஞ்சம் சிறியது, ஆனால் ஓடுவது அதே 16.5 மில்லிமீற்றர் பாதையில். உடம்பு அதே குடும்பம்: குட்டை மூக்கு, நீள மூக்கு, நடுவில் ஓட்டுநர் கூடு. சில்லுகளைத் தாங்கும் போகி வேறுபடும், சில விபரம் வேறுபடும். பெயின்ற் அடித்து, மாகாணப் பெயர் எழுதினால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது எம்2தான். லண்டன் கடைகளில் சுலபமாக அகப்படாது. தேடி எடுக்க வேண்டும். அதனால் இதை இரண்டாவது எஞ்சினாக வையுங்கள். முதல் எஞ்சினுக்கே பெயின்ற் தூரிகை பிடிப்பது புத்தியில்லை.

பாதை அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தண்டவாளம் ஐந்தரை அடி, 1676 மில்லிமீற்றர். 76ஆல் பிரித்தால் 22 மில்லிமீற்றர். கடையில் விற்பது 16.5. ஆகவே எங்கள் எஞ்சினை ஓஓவில் செய்தாலும் எச்ஓவில் செய்தாலும் சில்லுகள் உள்ளே ஒடுங்கித்தான் தெரியும். 22 மில்லிமீற்றர் பாதையைக் கையால் போடுகிற பொறுமைசாலிகள் உண்டு. நீங்கள் இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கொன்ட்ரோலரை இங்கிலாந்திலேயே வாங்கட்டும். அங்கும் 230 வோல்ட், இங்கும் 230. கனடாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ யாராவது கொண்டுவந்தால் கவனம்: கனடாவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. அதை எங்கள் பிளக்கில் செருகினால் ஒரு நிமிடத்தில் புகை. டிசிசி என்ற டிஜிட்டல் முறை இப்போது வேண்டாம். 12 வோல்ட் சாதாரண டிசியில் தொடங்குங்கள். எஞ்சின் பெட்டியில் "டிசிசி ரெடி" என்று போட்டிருந்தால், பிறகு சிப் செருக இடம் இருக்கிறது என்று அர்த்தம், அது போதும்.

யாழ்ப்பாணத்துக்கென்று சில சங்கடங்கள் இருக்கின்றன. உப்புக் காற்று, சோழகத்தில் தூசி, மாரியில் ஈரம். இரும்புத் தண்டவாளம் ஒரே மாரியில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் நாகமும். வெள்ளித் துளியும் இல்லை. அதுவும் கறுக்கும், ஆனால் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். மணல் தாள் போடவே கூடாது, கீறலில் அழுக்குக் குடியேறும். சில்லுகளைத் துடைக்க அதே அற்ககோலில் நனைத்த கடதாசிக் கைக்குட்டையைத் தண்டவாளத்தில் விரித்து, எஞ்சினின் பாதியை அதன் மேல் வைத்துப் பிடித்துச் சுழலவிடுங்கள். கடதாசியில் விழும் கறுப்புக் கோடுகளைப் பார்த்தால் இவ்வளவு நாளும் ஏன் விக்கியது என்று விளங்கும். எண்ணெய் ஊசி முனையளவு போதும். பிளாஸ்ரிக்குக்கு ஏற்ற மெல்லிய எண்ணெயாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கிறது என்று தேங்காயெண்ணெய் விட்ட ஒருவரின் எஞ்சினைத் திறந்து பார்த்தேன். தை மாதக் குளிரில் பல்சக்கரம் முழுக்கப் பசையாகக் கட்டியிருந்தது. பலகைக்கு இரு பக்கமும் பெயின்ற் அடியுங்கள், கீழ்ப்பக்கத்தை விட்டால் மாரியில் வளையும். கால்களைக் கறையான் பார்க்காமல் விடாது.

அண்ணர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய எஞ்சின் பார்த்தால், சட்டத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சில காலத்து வார்ப்புகளில் நாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். ஈரமும் சூடும் அதைத் துரிதப்படுத்தும், இரண்டும் எங்களிடம் தாராளம். நான் வாங்கிய பழைய எஞ்சின் ஒன்று இரண்டாவது மாரியில் மேல் மூடியைத் தானே பிளந்தது. சட்டத்தில் மயிர்க்கோடு, வளைவு, இழுத்துப் பிடித்த மாதிரி மூடி இருந்தால் வேண்டாம். ஓடும்போது சில்லுச் சுற்றுக்கு ஒரு தரம் டிக் டிக் என்று கேட்டாலும் வேண்டாம், அது வெடித்த பல்சக்கரம். ஒரு சில்லில் ரப்பர் வளையம் இருந்தால் அது இறுகிப்போயிருக்கும், மாற்று வளையம் கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

எஞ்சினைக் கைப்பெட்டியில், அதன் சொந்தப் பெட்டியோடும் பஞ்சோடும் கொண்டுவரட்டும். பற்றுச்சீட்டையும் வைத்திருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

வந்த அன்றே பெட்டிகளைக் கோத்து இழுக்கவிட வேண்டாம். வெறும் எஞ்சினை நடு வேகத்தில் அரை மணி முன்னுக்கு, அரை மணி பின்னுக்கு ஓடவிடுங்கள். பல்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று பழகும், எண்ணெய் பரவும். பிறகு அந்த அடிமட்டத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எத்தனை விநாடி என்று எழுதி அனுப்புங்கள்.